சேலம் ஏதிலியர் உதவி மையம்: முன்மேசை முதல்தரம், ராத்தங்கல் தேறவில்லை

தாரமங்கலம் பஸ்ஸிலோ ஆத்தூர் பஸ்ஸிலோ வந்து இறங்கி, மஞ்சப்பையில் நாலைந்து பழைய பத்திரங்களோடு இலங்கைத் தமிழ் ஏதிலியருக்கு, அதாவது அகதிகளுக்கு, உதவும் இந்த மையத்தின் படி ஏறுகிறவருக்கு முதலில் கிடைப்பது ஒரு நாற்காலி. அடுத்தது ஒரு சொம்புத் தண்ணீர். "வாங்கக்கா, உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்று ஒரு வார்த்தை. எந்த முகாம், எந்த வருசம் வந்தீங்க, படகா பிளேனா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எது முதலில், எது அடுத்தது என்ற இந்த வரிசையை வைத்தே ஓர் உதவி மையத்தைப் பாதி எடை போட்டுவிடலாம். அந்தப் பாதியில் இவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள். மீதிப் பாதியில், குறிப்பாக விளக்கு வைத்த பிறகு, சறுக்குகிறார்கள்.

பெயரையும் தெருவையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ராத்திரியில் பெண்களும் பிள்ளைகளும் தங்குகிற வீடு. முகவரி வாட்ஸப்பில் சுற்றுவது அவர்களுக்கு நல்லதல்ல. ஐந்து ரோட்டிலிருந்து நடந்து போகிற தூரம், மாடி வைத்த வாடகை வீடு என்ற மட்டில் போதும். தேவைப்படுகிறவர்களுக்கு முகாம் தலைவர்கள் வழியாகவே தெரிந்துவிடுகிறது.

சேலம் மாவட்டத்தில் பவளத்தானூர், குறுக்குப்பட்டி, தம்மம்பட்டி, நாகியம்பட்டி என்று முகாம்கள் டவுனை விட்டுத் தள்ளித் தள்ளிக் கிடக்கின்றன. 2021ல் அரசு இவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. பெயர் மாறினாலும் வேலை ஆக வேண்டிய இடங்கள் மாறவில்லை: கலெக்டர் ஆபீஸ், பெரியாஸ்பத்திரி, பேங்க் எல்லாம் டவுனில்தான். ஒரே கையெழுத்துக்கு இரண்டாம் நாளும் வரச் சொன்னால் தம்மம்பட்டிக்காரர் ஆத்தூர் போய் பஸ் மாறி வீடு சேர்ந்து, விடியுமுன் மறுபடி கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சு. இலங்கைக்கே ஊர் திரும்ப எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் நிற்கிறவர்கள் இன்னொரு வகை. 2022 இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் படகேறி வந்தவர்களுக்காக விவரம் கேட்டு வரும் சொந்தக்காரர்களும் உண்டு. மூவருக்கும் சேர்த்துத்தான் இந்த மையம்.

முன்மேசை

இங்கே ஒருவர் தன் கதையை ஒரு முறைதான் சொல்கிறார். மையத்தின் ஆகச் சிறந்த விஷயம் இதுதான். 1990 ஜூனில் வந்த ஒருவர் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் சொன்னதை முகாமில் சொல்லி, பள்ளிக்கூடத்தில் சொல்லி, கியூ பிராஞ்ச் உளவுப் போலீசில் சொல்லி, ஆஸ்பத்திரி சீட்டு எழுதுகிற இடத்தில் சொல்லி அலுத்துப்போயிருப்பார். இங்கே முன்மேசையில் ஒரே தாள், 12 கேள்வி. கார்பன் வைத்து எழுதி, ஒரு பிரதியை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த மேசையில் இருப்பவர் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறார். "என்ன பிரச்சினைன்னு மொதல்லேருந்து சொல்லுங்க" என்று யாரும் கேட்பதில்லை.

12 கேள்விகளில் எவை இல்லை என்பதும் கவனிக்க வேண்டியது. எந்த இயக்கத்தில் இருந்தீர்கள், படகுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், வீட்டில் யார் செத்தார்கள் என்பவை இல்லை. பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தர இவை எதுவும் வேண்டியதில்லை. வேண்டாததைக் கேட்டு எழுதி வைத்தால், அந்த நோட்டு நாளைக்கு யார் கைக்குப் போகும் என்ற பயம்தான் மிச்சம்.

டோக்கன் உண்டு, ஆனால் நம்பரைக் கத்துவதில்லை. நம்பரைப் பலகையில் மாட்டிவிட்டு, எழுந்து போய்ப் பெயர் சொல்லி, அக்கா அண்ணா சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். காது மந்தமான பெரியவர்களுக்கு இது பெரிய உதவி.

குறை: மூன்று மேசையும் ஒரே ஹாலில், நாலடி இடைவெளியில். பேங்க் கணக்கு பற்றிப் பேசுகிறவரின் பக்கத்திலேயே, புருசன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று ஒரு பெண் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லமாட்டாள். ரேசன் கார்டு பற்றி எதையோ கேட்டுவிட்டுப் போய்விடுவாள். முன்பக்கச் சின்ன அறை பழைய துணி மூட்டைகளால் அடைந்து கிடக்கிறது. மூட்டையை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு மூன்றாவது மேசையை அங்கே போட்டால் காசு செலவில்லாமல் தீரும். கதவை முழுக்கச் சாத்த வேண்டாம். ஆள் தெரியணும், பேச்சுக் கேட்கக்கூடாது. வெளியே ஒரு மின்விசிறி ஓடினாலே பாதிப் பேச்சு அமுங்கிவிடும்.

இன்னொரு குறை நேரம். மையம் திறப்பது பத்து மணிக்கு. பெரியாஸ்பத்திரிக்கு வருகிறவர் காலையிலேயே ஓ.பி. சீட்டு போட்டாக வேண்டும். பத்து மணிக்குத் துணைக்கு ஆள் கிடைத்து என்ன பயன்? ஏழரைக்கு ஒரே ஒருவர் வந்து திறந்தால் போதும், மற்றவர்கள் பத்துக்கே வரட்டும்.

பத்திரம்

இந்த மையத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வருவது பத்திர வேலைக்குத்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஒரிஜினலைக் கையில் வாங்கி வைத்துக்கொள்வதில்லை என்பது இவர்களுடைய முதல் விதி. வாங்கி, இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து, அந்த நிமிடமே திருப்பித் தந்துவிடுகிறார்கள். இது சின்ன விஷயமில்லை. எழுபதுகளில் கிளிநொச்சியிலோ மன்னாரிலோ எழுதின பிறப்புப் பத்திரம் தொலைந்தால், அங்கே யாராவது சொந்தம் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் புதுப் பிரதி எடுத்து அனுப்புவதுதான் பெரும்பாலும் வழி. அங்கே சொந்தமே மிச்சமில்லாத குடும்பங்கள் ஏராளம்.

இவ்வளவு தெரிந்தவர்கள் முன்மேசையில் ஒரு லேமினேஷன் மிஷினையும் வைத்திருக்கிறார்கள். அன்பு மிகுதியில் பழைய பத்திரங்களை இலவசமாக லேமினேட் செய்து தருகிறார்கள்! இதை இன்றைக்கே நிறுத்த வேண்டும். பழைய தாள் சூட்டில் கறுக்கும். ரப்பர் ஸ்டாம்பு மை பரவும். அழுத்து முத்திரையின் மேடு தட்டையாகிவிடும். முத்திரையைத் தடவிப் பார்த்துச் சரிபார்க்க வழியில்லாத பத்திரத்தைச் சில அலுவலகங்கள் ஒரிஜினலாகவே ஏற்காது. பின்பக்கம் மேலொப்பம் போடவும் முடியாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை ஒரு கெட்டி அட்டை பைலில் வைத்தால் போதும். மிஷினைக் குழந்தைகளின் எண் அட்டைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெயர் எழுத்து ஒத்துப்போகாத சிக்கலை இவர்கள் கையாளும் விதத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். ஒரு மேசையில் நடந்த பேச்சு இது:

"அக்கா, உங்க வீட்டுக்காரர் பேரு ஸ்பெல்லிங் ரெண்டுலயும் வேற வேற இருக்கு, பாத்தீங்களா?"

"அது தம்பி, அங்க அப்பிடித்தான் எழுதுவினம். இஞ்ச பள்ளிக்கூடத்தில ஒரு எழுத்தை விட்டுட்டினம்."

தங்கராசா என்ற பெயரின் கடைசியில் இலங்கைப் பத்திரத்தில் ஒரு ஹெச் இருக்கும். இங்கே பிள்ளையின் மாற்றுச் சான்றிதழில் அது இருக்காது. அங்கே அப்பா பெயரை முழுசாக எழுதுவார்கள். இங்கே அது இனிஷியலாகச் சுருங்கி, ஆதாரில் பெயருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரே மனிதர் மூன்று அலுவலகத்தில் மூன்று பேர். மையத்தில் இதற்கென்று ஒரு அட்டவணைத் தாள் வைத்திருக்கிறார்கள்: இடப்பக்கம் பத்திரங்களின் பெயர், எதிரே ஒவ்வொன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது, பிறந்த தேதி எப்படி இருக்கிறது. அதை நிரப்பினாலே எதை எதோடு பொருத்த வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். திருத்தத்தை எப்போதும் பழைய பத்திரத்தில் ஆரம்பிக்காமல் புதிய பத்திரத்தில் ஆரம்பிக்கிறார்கள். ஆதாரைத் திருத்துவது இங்கேயே முடியும். 1974ல் எழுதினதைத் திருத்தக் கடல் தாண்ட வேண்டும். சரியான முறை.

குழந்தைகள் விஷயத்தில் இரண்டு பதிவு உண்டு என்பதைப் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். முதலாவது இங்கே. பிறந்த 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. ஒரு வருடம் தாண்டினால் நிர்வாக நடுவர் உத்தரவு வேண்டும், அலைச்சல்தான். பெயர் வைக்காமல் பதிந்துவிட்டு ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்த்தாலும் கட்டணமில்லை. இரண்டாவது, சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில். இங்கே பிறந்த பிள்ளை இலங்கைப் பிரஜையாக வேண்டுமானால் அங்கேயும் பதிய வேண்டும். அதற்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழோடு தாய் தகப்பன் இருவரின் பிறப்புப் பத்திரமும் திருமணச் சான்றும் கேட்பார்கள். முக்கால்வாசி இந்தத் திருமணச் சான்றில்தான் நிற்கும். முகாம் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, பதியாமலே மூன்று பிள்ளை பெற்றவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்ற நோட்டீஸ் சுவரில் இருக்கிறது, நல்லது. அதை முகாமிலேயே ஒட்டினால் இன்னும் நல்லது.

இனி தவறுகள். மூன்று கண்ணில் பட்டன. மூன்றும் ஒரு மத்தியானத்தில் திருத்தக்கூடியவை.

சுவரில் குடியுரிமை பற்றிய பெரிய சார்ட்டில் '1987க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்' என்று போட்டிருக்கிறார்கள். சட்டம் சொல்வது 1987 ஜூலை 1க்கு முன். சார்ட்டை நம்பினால், 1987 ஜனவரியிலிருந்து ஜூன் வரை இந்த மண்ணில் பிறந்த ஒருவர் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போவார். பிறப்பால் குடியுரிமை உள்ளவர் அவர். மண்டபத்தில் 1986ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதே அடிப்படையில் பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது, அதையும் சார்ட்டில் சேர்க்கலாம். அடுத்த வரம்பு 2004 டிசம்பர் 3. 1987 ஜூலை 1க்கும் அதற்கும் நடுவில் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். உள்ளூர்ப் பெண்ணைக் கட்டின முகாம் பையனுக்கு 1999ல் பிறந்த பிள்ளை இந்தியர். அதே வீட்டில் 2006ல் பிறந்த தம்பிக்கோ, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' இல்லை என்பதும் சேர்ந்து வேண்டும். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு சட்டம், தம்பிக்கு ஒரு சட்டம். ஆகவே பிறந்த வருடத்தை மட்டும் எழுதி வாங்காமல் தேதி, மாதம் எல்லாம் வாங்க வேண்டும். முன்மேசைத் தாளிலேயே 'வயது' என்று இருப்பதை 'பிறந்த தேதி' என்று மாற்றுங்கள்.

இரண்டாவது, இவர்கள் அச்சடித்து வைத்திருக்கும் மனு மாதிரியில் இன்னும் 1946 வெளிநாட்டினர் சட்டம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் அதன் இடத்தில் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 வந்துவிட்டது. காலாவதியான சட்டத்தைக் காட்டி மனுக் கொடுத்தால் மனு சாகாது, ஆனால் எழுதினவருக்கு விஷயம் தெரியாது என்று மேசைக்கு எதிரே இருப்பவர் முடிவு கட்டிவிடுவார்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. புதுச் சட்டத்தோடு வந்த விலக்கு ஆணைப்படி, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது. அவ்வளவுதான் அதன் வீச்சு. தன்னார்வலர் ஒருவர் இதை "உங்களுக்குக் குடியுரிமை வரப்போகுதுங்க" என்ற தொனியில் சொல்கிறார். தண்டனையிலிருந்து விலக்கு வேறு, குடியுரிமை வேறு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையே இல்லை. 2022ல் படகில் வந்தவருக்கு இந்த விலக்கும் பொருந்தாது. நம்பிக்கை கொடுக்க நினைத்துச் சொல்கிற அரைகுறைப் பேச்சை நம்பி, ஊர் திரும்புவதற்காக எழுதிக் கொடுத்ததை வாபஸ் வாங்கிவிட்டால், யார் பொறுப்பு?

இலங்கை மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரைப் பிரித்துக் கேட்பதும் இல்லை. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒத்துக்கொண்டது. தாத்தா காலத்தில் கண்டியில் விண்ணப்பித்த குடும்பமாக இருந்தால், ட்ரங்குப் பெட்டியின் அடியில் ஒரு பழைய இந்தியப் பாஸ்போர்ட்டோ குடும்ப அட்டையோ கிடக்கலாம். கேட்டால்தான் வெளியே வரும். அது என்ன காகிதம் என்று அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். "உங்க தாத்தா எந்த எஸ்டேட்டுங்க?" என்ற ஒரு கேள்வி 13வதாகச் சேரட்டும்.

முகாம் குடும்பங்களுக்கு அரசு தரும் மாத பணக்கொடை பற்றிய பலகை ரொம்பத் தெளிவு. குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறு பிள்ளைகளுக்கு 500. கீழே கணக்கும் போட்டிருக்கிறார்கள்: புருசன், பெண்டாட்டி, இரண்டு சின்னப் பிள்ளை என்றால் 3,500. வந்தது சரியா குறைவா என்று யாரையும் கேட்காமல் தானே பார்த்துக்கொள்ளலாம். தணிக்கை நாளில் முகாமில் ஆள் இல்லாவிட்டால் பணம் நிற்கும் என்பதால், மையத்தில் தங்குகிறவர் எந்தத் தேதியில், எந்த வேலைக்காக இங்கே இருந்தார் என்று ஒரு சீட்டுத் தருகிறார்கள். வருவாய் ஆய்வாளர் அதை ஏற்றாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் காட்டுவதற்குக் கையில் ஒன்று இருக்கிறது.

தண்ணீர், கழிவறை

மாடியில் 1,000 லிட்டர் டேங்க் இரண்டு. பகலில் சுமார் 60 பேர் வந்து போக, ராத்தங்கல் 14 பேர். வந்து போகிறவருக்கு 5 லிட்டர், குளித்துத் துவைக்கிற தங்கலாளருக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 300ம் 560ம் சேர்ந்து ஒரு நாளைக்கு 860. அவசரக் கால முகாம்களுக்கான ஸ்பியர் அளவுகோல் ஆளுக்கு 15 லிட்டர் என்கிறது. அது உயிர் தங்குவதற்கான கணக்கு, கழிவறைக்குக் கோரித் துவைத்துக் குளிப்பதற்குப் போதாது. மேட்டூர்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு வந்தால் 2,000 லிட்டர் சரியாக இழுத்துப் பிடிக்கும். ஒரு முறை தவறினால் போச்சு. மூன்றாவது டேங்க் கட்டாயம்.

பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள், ஆனால் கண் அளவில். 1,000 லிட்டருக்கு 3 கிராம், அதாவது தேக்கரண்டியில் முக்கால், போதும். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, தெளிவை மட்டும் டேங்கில் ஊற்றி, அரை மணி விட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும். இங்கே மூட்டை வாய் திறந்தபடி மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. காற்றுப் பட்டால் குளோரின் போய்விடும். பிறகு எவ்வளவு போட்டாலும் சுண்ணாம்பு கரைத்த தண்ணீர்தான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கினால் தீர்ந்தது.

கழிவறை மூன்று. 20 பேருக்கு ஒன்று என்ற கணக்குப்படி எண்ணிக்கை சரி. சுத்தமும் சரி. உட்பக்கக் கதவில் 181 (பெண்கள்), 1098 (குழந்தைகள்), 14416 (மனநலம்) என்ற உதவி எண்களை ஒட்டியிருப்பது கெட்டிக்காரத்தனம்: யார் கண்ணிலும் படாமல் ஒரு பெண் அதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் கீழ்ப் பெண்கள் கழிவறையின் விளக்கு சுவிட்ச் வெளியே இருக்கிறது. போகிற போக்கில் ஒரு பிள்ளை அணைத்துவிட்டால் உள்ளே இருப்பவர் இருட்டில். குண்டு வெளிச்சத்தையும் வெடிச் சத்தத்தையும் மனசில் சுமந்துகொண்டு வந்தவர்களுக்கு இது விளையாட்டாக இருக்காது. தாழ்ப்பாள் இருக்கிறது, ஆனால் நிலையில் அதற்கான ஓட்டை தேய்ந்து அகன்றுவிட்டது, தள்ளினால் திறக்கும். எலக்ட்ரீசியனுக்கும் ஆசாரிக்கும் அரை நாள் வேலை. மூடி போட்ட, காலால் மிதித்துத் திறக்கிற தொட்டி பெண்கள் பக்கம் இல்லை, அதனால் நாப்கின் பேப்பரில் சுருட்டிக் கைப்பையோடு வெளியே போகிறது. முட்டி வலிக்காரர்களுக்கு மேற்கத்திய கோப்பை ஒன்றும் இல்லை. இப்போதைக்கு இரும்பு நாற்காலிக் கோப்பை ஒன்று வாங்கிப் போடலாம்.

ராத்தங்கல்

இங்கேதான் மார்க் விழுகிறது. ஆளுக்கு 3.5 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 38 சதுர அடி, என்பது குறைந்தபட்சம். பெண்கள் அறை 12க்கு 14, 168 சதுர அடி. நாலு பேர் படுக்கலாம். ஏழு பேர் படுக்கிறார்கள், பிள்ளைகளைச் சேர்க்காமல். ஆண்கள் ஹால் 20க்கு 16, 320 சதுர அடி. எட்டுப் பேர் படுக்கலாம். அங்கே ஏழு பேர். மாற்றிப் போடுங்கள் என்று சொல்வது சுலபம். சின்ன அறைக்குத்தான் ஒட்டினாற்போலக் கழிவறை, ஹாலுக்கோ தெருப்பக்கம் பெரிய ஜன்னல். அதனால்தான் இப்படி வைத்திருக்கிறார்கள். ஹாலை நடுவில் பிளைவுட் தடுப்புப் போட்டு, கழிவறைப் பக்கப் பாதியைப் பெண்கள் அறையோடு சேர்த்து, ஆண்களை நாலு பேரோடு நிறுத்துவதுதான் வழி. பெண்கள் பக்கம் 160 அடி கூடும். எட்டுப் பேர் மூச்சுவிட்டுப் படுக்கலாம். மொத்தத் தங்கல் 14லிருந்து 12 ஆகும். இரண்டு பேரைத் திருப்பி அனுப்ப மனசு வராது, தெரியும். அவர்களுக்குப் பக்கத்து லாட்ஜில் அறை போட்டுக் கொடுங்கள்.

பூட்டு வைத்த பெட்டி ஆளுக்கு ஒன்று கிடையாது. பத்திரப் பையைத் தலைக்கு வைத்துத்தான் தூங்குகிறார்கள். பகலில் ஒரிஜினலை ஒரு நிமிடம்கூட வைத்துக்கொள்ளாத மையம், ராத்திரியில் அதே ஒரிஜினலுக்கு ஒரு மறைவிடம் தருவதில்லை. 12 இரும்பு லாக்கர், சாவி அவரவர் கையில். இதைவிட அவசரமான செலவு இந்த வீட்டில் எதுவும் இல்லை.

சாப்பாடு

மத்தியானம் சாப்பாடு நன்றாக இருக்கிறது. முகாம் பெண்கள் இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்துச் சமைக்கிறார்கள். சாமான் லீ பஜாரிலிருந்து மொத்தமாக. 50 பேருக்கு அரிசி 7.5 கிலோ, பருப்பு 2.5 கிலோ என்று சுவரில் எழுதி வைத்திருப்பதால் மிஞ்சுவதும் இல்லை, பந்தியில் கடைசி ஆளுக்குத் தட்டுவதும் இல்லை. வெள்ளிக்கிழமை இடியப்பமும் சொதியும். போனவாரச் சொதி திரிந்திருந்தது, காரணம் அவசரம்: இரண்டாம் தேங்காய்ப்பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள் போட்டுக் கொதித்த பிறகு, தீயைக் குறைத்து முதல் பாலை விட்டு, ஒரு நுரை கூடியதும் இறக்கி, இறக்கின பிறகுதான் எலுமிச்சை பிழிய வேண்டும். அடுப்பிலேயே பிழிந்தால் யார் செய்தாலும் திரியும். சம்பல் அபாரம்.

யாரும் பரிமாறும்போது போட்டோ எடுப்பதில்லை. பிறந்தநாள் அன்னதானம் என்று வருகிறவர்களிடம், சமையலறையில் பாத்திரத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள், ஆள் முகம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். சிலர் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். போகட்டும்.

பழைய துணிதான் பாக்கி. மூட்டையைப் பிரித்துக் கொட்டி, "எடுத்துக்கோங்க" என்பது இன்னும் தொடர்கிறது. குனிந்து பொறுக்க வைக்காமல், துவைத்து, கிழிசல் கழித்து, அளவு எழுதிக் கம்பியில் தொங்கவிடுங்கள். உள்ளாடை புதுசு மட்டுமே.

ஏற்காட்டில் ஒரு கிளை திறந்தால் குளுகுளுவென்று இருக்குமே என்று நன்கொடையாளர் சிலர் சொல்வதாகக் கேள்வி. வேண்டாம். 1,500 மீட்டர் உயரம், 20 கொண்டை ஊசி வளைவு, கடைசிப் பஸ் போனால் விடியும்வரை பெரியாஸ்பத்திரிக்கும் வழியில்லை கலெக்டர் ஆபீஸுக்கும் வழியில்லை. மார்கழிக் குளிருக்கு ஆளுக்கு இரண்டு கம்பளி வேறு. காசு இருந்தால் இந்த வீட்டுக்கே மூன்றாவது டேங்கும் லாக்கரும் தடுப்பும் வாங்கலாம்.

போகிறவர்கள் கொண்டு போக வேண்டியது: குடும்ப அடையாள அட்டை, ஆதார், கையில் இருக்கிற இலங்கைப் பத்திரம் எதுவாயினும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தாத்தா பாட்டி காலத்துக் காகிதம் இருந்தால் அதுவும். ஜெராக்ஸ் அங்கேயே எடுப்பார்கள், காசு வாங்கமாட்டார்கள். தங்குவதாக இருந்தால் ஒரு சின்னப் பூட்டும் டார்ச்சும் எடுத்துப் போங்கள். முன்மேசைத் தாளின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லேமினேட் பண்ணித் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.